வை-ஃபை பாஸ்வேர்ட் என்ன? – ஒரு கேள்வியின் வரலாறு

புது செல்போன் வாங்கினாலும் சரி, டிவி வாங்கினாலும் சரி, ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து இறங்கினாலும் சரி, இன்றைய வீடுகளில் காபிக்கு முன்னால் வந்துவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. "வை-ஃபை பாஸ்வேர்ட் என்ன?" யாராவது ஒருவர் எழுந்து போய் ரூட்டரைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பார். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, பூஜ்யமா ஓ-வா என்று இரண்டு தடவை தகராறு நடக்கும். மூன்றாவது தடவை கனெக்ட் ஆகிவிடும். அதோடு எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அந்த ஒரு நிமிட வேலைக்குப் பின்னால் கால் நூற்றாண்டுக்கும் மேலான சண்டை ஒன்று இருக்கிறது. பூட்டு செய்கிறவர்களுக்கும் பெட்டி விற்கிறவர்களுக்கும் நடந்த சண்டை. பூட்டு நன்றாக இருந்தால் வாங்கியவனுக்குத் திறக்கத் தெரியவில்லை. சுலபமாகத் திறந்தால் திருடனுக்கும் சுலபம். பெரும்பாலும் ஜெயித்தது பெட்டி விற்கிறவர்கள்தான், அதற்கு விலை கொடுத்தது வேறு யாரோ. எப்படி என்று பார்ப்போம்.

வை-ஃபையின் பூர்வீகம் கல்லாப்பெட்டி. நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை. என்.சி.ஆர். என்ற அமெரிக்க நிறுவனம் கடைகளுக்கான கல்லாப்பெட்டி விற்பதில் ராஜா. பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களில் அடிக்கடி கவுண்ட்டர்களை இடம் மாற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் தரையைக் கிளறி கேபிள் போட வேண்டும், செலவு. இந்தத் தொல்லைக்கு வழி தேடிய என்.சி.ஆரின் நெதர்லாந்துப் பிரிவு, 1985-ல் அமெரிக்க அரசு உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட அலைவரிசைகளில் கைவைத்தது. (மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்கிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அதில் ஒன்று. "குப்பை அலைவரிசை" என்று பெரிய கம்பெனிகள் ஒதுக்கிவைத்த இடம்!) அந்தப் பிரிவைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் தலைமையில்தான் ஐ.இ.இ.இ. அமைப்பின் 802.11 குழு பல வருடம் உட்கார்ந்து பேசி, 1997-ல் முதல் தரநிலையை வெளியிட்டது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-ல் 802.11பி வந்து அதை 11 மெகாபிட் ஆக்கியது.

கடை, அலுவலகம், கிடங்கு இவைதான் அவர்கள் மனதில் இருந்த இடங்கள். அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு ஆள் சம்பளத்துக்கு இருப்பார். புது மெஷின் வந்தால் அவர் பார்த்துக்கொள்வார். வீட்டில் அந்த ஆள் யார்? இந்தக் கேள்வியை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

1999 ஜூலை 21, நியூயார்க். ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபுக் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அதில் இணையம் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒயர் எதுவும் ஒளித்து வைக்கவில்லை என்று காட்ட ஒரு வளையத்துக்குள் லேப்டாப்பை விட்டு எடுக்கிறார், மந்திரவாதி பெண்ணை அந்தரத்தில் மிதக்கவிட்டு வளையம் விடுவது மாதிரி. ஏர்போர்ட் என்று பெயர். பெட்டி 299 டாலர், லேப்டாப்புக்குள் போடும் கார்டு 99 டாலர். கடைக்காகச் செய்த சமாச்சாரம் வீட்டுக்குள் வந்தது அன்றைக்குத்தான் என்று சொல்லலாம். கைதட்டல் பலமாக இருந்தது. பூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பூட்டு என்று ஒன்று இருந்தது. டபிள்யூ.இ.பி. என்று பெயர். "கம்பிக்குச் சமமான அந்தரங்கம்" என்று அதை விரிக்கலாம். பெயரே ஜம்பமானது. இதன் கீ 40 பிட் நீளம். ஏன் 40 மட்டும்? அதைவிட பலமான ரகசியக்குறி முறைகளை வெளிநாட்டுக்கு விற்க அமெரிக்கச் சட்டம் அந்த நாட்களில் இடம் கொடுக்கவில்லை. உலகம் முழுக்க விற்க வேண்டிய பெட்டி, அதனால் உலகம் முழுக்க ஒரே பலவீனம். 2000 ஜனவரியில் அந்தச் சட்டம் தளர்ந்ததும் 104 பிட் கீ பரவலாக வந்தது.

சாதாரண மனிதனுக்கு இது எப்படித் தெரிந்தது என்பதுதான் முக்கியம். 40 பிட் என்றால் 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளில் பத்தை அடிக்க வேண்டும். 104 பிட் என்றால் இருபத்தாறு! ஒவ்வொரு புது மெஷினிலும் அடிக்க வேண்டும், ஒன்று தப்பினால் எது தப்பு என்று கம்ப்யூட்டர் சொல்லாது. இந்தக் கொடுமையைக் குறைக்க "சும்மா ஒரு வார்த்தை கொடுங்கள், நாங்களே கீ ஆக்கிக்கொள்கிறோம்" என்று கம்பெனிகள் ஆரம்பித்தன. ஆனால் ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒரே வார்த்தையை ஆப்பிள் ரூட்டரிலும் விண்டோஸ் லேப்டாப்பிலும் அடித்தால் இரண்டு வேறு கீ வரும், கனெக்ட் ஆகாது. இதற்கென்றே ஆப்பிள் மென்பொருளில் "சமமான பாஸ்வேர்டைக் காட்டு" என்று ஒரு மெனு இருந்தது. அதைத் திறந்தால் மறுபடியும் அதே நீள எழுத்துச் சரம்.

பலர் செய்தது ரொம்ப இயல்பான காரியம். பூட்டே போடாமல் விட்டுவிட்டார்கள். பெட்டியும் பூட்டில்லாமல்தான் கடையிலிருந்து வந்தது. பூட்டு போட்டு விற்றால் வாங்கியவர் கனெக்ட் செய்யத் தெரியாமல் கஸ்டமர் கேருக்கு போன் போடுவார், அல்லது பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார். லாபம் குறைந்த வியாபாரத்தில் ஒரு போன் கால்கூட நஷ்டக் கணக்குதான். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே 2000களின் முற்பகுதியில் லேப்டாப்பும் ஆன்டெனாவும் காரில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகத் திறந்த வலைகளை எண்ணுவது ஒரு பொழுதுபோக்காகவே ஆனது. லண்டனில் 2002-ல் எந்தச் சுவரோரம் இலவச வலை கிடைக்கும் என்று சாக்பீஸால் குறி போடுகிற வழக்கம்கூடக் கிளம்பியது. இப்படிச் சுற்றியவர்கள் உலக அளவில் 2004-ல் எடுத்த கணக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வலைகள் அகப்பட்டன. பாதிக்கு மேல் பூட்டில்லாதவை. நிறைய ரூட்டர்களுக்குக் கம்பெனி வைத்த பெயர்கூட மாறவில்லை.

பூட்டு போட்டவர்கள் மட்டும் பத்திரமாக இருந்தார்களா? அதுவும் இல்லை. 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமிர் என்ற மூவர் (ஷமிர் என்றால் ஆர்.எஸ்.ஏ. முறையில் நடு எழுத்துக்குச் சொந்தக்காரரான அதே ஷமிர்) டபிள்யூ.இ.பி. அடிப்படையாக வைத்திருந்த ஆர்.சி.4 முறையில் ஓட்டை இருப்பதை நிறுவினார்கள். சில மாதத்தில் அதை யாரும் பயன்படுத்தும்படி இலவச மென்பொருளே வந்துவிட்டது. 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 104 பிட் கீயை ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். இருபத்தாறு எழுத்தை ஒழுங்காக அடித்து முடிக்க வீட்டுக்காரருக்கு அதைவிட அதிக நேரம் ஆகும்!

அதே 2007-ல் இந்த ஓட்டைக்கு ஒரு விலையும் தெரிந்தது. டி.ஜே.எக்ஸ். என்ற அமெரிக்க சில்லறை வியாபார நிறுவனத்தின் கணினிகளிலிருந்து 4.5 கோடிக்கும் மேற்பட்ட கார்டு எண்கள் திருடு போயிருந்தன. திருடர்கள் 2005-ல் உள்ளே நுழைந்த வழி, அதன் மார்ஷல்ஸ் கடை ஒன்றின் வை-ஃபை. பூட்டு, அதே டபிள்யூ.இ.பி. கூட்டத்தின் தலைவனான ஆல்பர்ட் கொன்சாலஸ் 2010-ல் 20 வருட சிறைத் தண்டனை பெற்றான். கல்லாப்பெட்டிக்காகப் பிறந்த வை-ஃபை, கல்லாவையே காலி செய்த கதை இது.

நல்ல பூட்டு ஒன்றும் வராமல் இல்லை. 2003-ல் டபிள்யூ.பி.ஏ., 2004-ல் டபிள்யூ.பி.ஏ.2. முதலாவது அவசரத்துக்குப் போட்ட ஒட்டு. பழைய பெட்டிகளிலேயே மென்பொருளை மட்டும் மாற்றி ஓட வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு செய்தது. இரண்டாவதுதான் முழுசாகச் செய்தது. இன்றைக்கு நாம் "வை-ஃபை பாஸ்வேர்ட்" என்று சொல்கிற, 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை இருக்கலாம் என்கிற சமாச்சாரம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. நீங்கள் கொடுக்கும் வார்த்தையை வலையின் பெயரோடு கலந்து 4096 தடவை அரைத்து கீ எடுக்கிறார்கள். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே கணக்கு, ஆகவே பழைய "சமமான பாஸ்வேர்ட்" கூத்து ஒழிந்தது. வலையின் பெயர் கலப்பதால் ஒரே பாஸ்வேர்ட் வைத்த இரண்டு வீடுகளுக்கு இரண்டு கீ. அழகான ஏற்பாடு, பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் பழைய சாமான் விடுமா! 2004-ல் வெளிவந்த நின்டென்டோ டி.எஸ். விளையாட்டுக் கருவிக்கு டபிள்யூ.இ.பி. மட்டும்தான் தெரியும். அடுத்த வருடம் அதில் ஆன்லைனில் விளையாடும் வசதி வந்தது. கோடிக்கணக்கில் விற்ற பொருள். வீட்டில் பையனோ பெண்ணோ அடம்பிடித்தால் அப்பா என்ன செய்வார்? புதுப் பூட்டைக் கழற்றிவிட்டுப் பழைய பூட்டை மாட்டுவார். ஒரு விளையாட்டுச் சாமானுக்காக அந்த வீட்டு லேப்டாப், பேங்க் கணக்கு எல்லாம் ஒரு நிமிடப் பூட்டுக்குள் வந்துவிடும். வலை என்பது அதிலிருக்கும் மிகப் பழைய கருவியின் தரத்துக்கு இறங்கிவிடும் என்ற இந்த விதி இன்றுவரை மாறவில்லை. நின்டென்டோ அந்த ஆன்லைன் சேவையை 2014-ல்தான் நிறுத்தியது.

இந்தியாவில் இந்தக் கதை தாமதமாகத் தொடங்கி வேறு மாதிரி போனது. 2004-ல் பிராட்பேண்ட் கொள்கை, 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன். அதே 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்ற மத்திய அரசின் அறிவிக்கையும் வந்தது. அப்போது 256 கிலோபிட் வேகமே பெரிய விஷயம், வை-ஃபை மோடம் வைத்த வீடுகள் குறைவு.

2008 ஜூலை 26. ஆமதாபாத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்னால் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. எங்கிருந்து போனது என்று போலீஸ் தேடியபோது நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வாடகைக்குக் குடியிருந்த வீட்டு இணைய இணைப்பைக் காட்டியது. அவருடைய வை-ஃபையை வெளியிலிருந்து யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர்களைப் பரிசோதித்தார்கள், விசாரித்தார்கள். அவருக்கும் மின்னஞ்சலுக்கும் சம்பந்தமில்லை என்று தெரிகிற வரைக்கும் நாட்டின் எல்லாப் பத்திரிகைகளிலும் அவர் பெயர் அடிபட்டது. செப்டம்பரில் தில்லி குண்டுவெடிப்பு. அந்த மின்னஞ்சல் போனது மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வை-ஃபை வழியாக.

யோசித்துப் பாருங்கள். இந்தியாவில் பெரும்பாலோர் வை-ஃபை என்ற சொல்லையே தலைப்புச் செய்தியில் பார்த்தது இந்த வழக்குகளில்தான். அமெரிக்காவில் திறந்த வலை என்றால் "பக்கத்து வீட்டுக்காரன் ஓசியில் படம் பார்க்கிறான்" என்ற அளவு பிரச்சினை. ப்ரூஸ் ஷ்னையர் என்ற புகழ்பெற்ற பாதுகாப்பு நிபுணரே அதே 2008 ஜனவரியில், தன் வீட்டு வை-ஃபையைத் திறந்தே வைத்திருப்பதாகவும் அது விருந்தோம்பல் மாதிரி என்றும் எழுதினார். தண்ணீர்ப் பந்தல் வைக்கிற மனசு. இங்கே ஆறே மாதத்தில் அதன் மறுபக்கம் தெரிந்தது. 2009 ஜனவரியில் மும்பை போலீஸ் லேப்டாப்போடு தெருவில் சுற்றி, பூட்டாத வலைகளைக் கண்டுபிடித்துச் சொந்தக்காரர்களை எச்சரிக்கப் போவதாக அறிவித்தது. பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, யார் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியாத வை-ஃபை இணைப்புகள் இருக்கக்கூடாது என்று இணைய சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

ஜெர்மனியில் இதே கேள்வி நீதிமன்றம் போனது. ஒருவர் ஊரில் இல்லாத நேரத்தில் அவர் வீட்டு வலை வழியாக யாரோ ஒரு பாட்டை இணையத்தில் பகிர்ந்துவிட்டார்கள். 2010 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: வீட்டு வை-ஃபைக்குச் சரியான பாஸ்வேர்ட் போடுவது சொந்தக்காரரின் பொறுப்பு. கம்பெனி பூட்டில்லாமல் விற்கலாம், வாங்கியவன் பூட்டாவிட்டால் அவன் பொறுப்பு! சட்டப்படி சரியாக இருக்கலாம், ஆனால் கொஞ்சம் உறுத்துகிறது.

சரி, பூட்டு கட்டாயம் என்று ஆகிவிட்டது. ஆனால் பாஸ்வேர்ட் அடிப்பது இன்னமும் தொல்லை. பிரிண்டரில் கீபோர்டு இல்லை, கேமராவில் திரை சின்னது. இதற்குத் தீர்வாக 2007-ல் வை-ஃபை அலையன்ஸ் கொண்டுவந்தது டபிள்யூ.பி.எஸ். ரூட்டரில் ஒரு பட்டன், கருவியில் ஒரு பட்டன். இரண்டையும் இரண்டு நிமிடத்துக்குள் அழுத்தினால் முடிந்தது. இன்றும் பல ரூட்டர்களின் முதுகில் அந்தப் பட்டன் இருக்கும். பட்டன் வரை குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்குள் வந்தவனால்தானே அழுத்த முடியும்.

வினை வந்தது இன்னொரு வழியில். பட்டன் இல்லாத கருவிகளுக்காக ஸ்டிக்கரில் ஒரு எட்டு இலக்க எண் கொடுத்தார்கள். அதை அடித்தால் ரூட்டரே உண்மையான பாஸ்வேர்டைக் கொடுத்துவிடும். தரச்சான்று வேண்டுமென்றால் இந்த எண் வசதி கட்டாயம். எட்டு இலக்கம் என்றால் 10 கோடி சாத்தியங்கள், போதும் என்று நினைத்தார்கள் போல. 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபோக் என்பவர் கணக்கைப் போட்டுக் காட்டினார். எட்டாவது இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண், முதல் ஏழிலிருந்து தானாக வந்துவிடும். ஆக ஒரு கோடி. அதைவிட மோசம், ரூட்டர் எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. முதல் நான்கு தப்பென்றால் அங்கேயே தப்பு என்று தெரிந்துவிடுகிறது. முதல் பாதிக்கு 10,000 முயற்சி, மீதி மூன்று இலக்கத்துக்கு 1,000 முயற்சி. பெருக்க வேண்டிய இடத்தில் கூட்டல்! மொத்தம் 11,000.

பத்துக் கோடி எங்கே, பதினோராயிரம் எங்கே. நாலு இலக்க நம்பர் பூட்டு போட்ட சூட்கேஸில் ஒவ்வொரு சக்கரமும் சரியானதும் "டிக்" என்று சத்தம் போட்டால் எப்படி இருக்கும், அது மாதிரி. சில மணி நேரத்தில் எண்ணைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் உடனே வெளிவந்தது. வீட்டுக்காரர் இருபது எழுத்தில் எவ்வளவு சிக்கலான பாஸ்வேர்ட் வைத்திருந்தாலும் பயனில்லை, ரூட்டரே அதைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிடும். அதை நிறுத்திவையுங்கள் என்று எச்சரிக்கை வந்தது. சில ரூட்டர்களில் மெனுவில் நிறுத்தினாலும் உள்ளே அது ஓடிக்கொண்டேதான் இருந்தது!

இந்த வரலாற்றில் ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். டபிள்யூ.இ.பி. தவறியது ஒரு கணிதப் பிழையால், அதைக் கண்டுபிடிக்க ஷமிர் மாதிரி ஆட்கள் தேவைப்பட்டார்கள். டபிள்யூ.பி.எஸ். தவறியது பிளஸ் டூ பையன் கண்டுபிடிக்கக்கூடிய வரிசைமாற்றக் கணக்கில். அவசரம்தான் காரணம், வேறென்ன. ஐபோன் இந்த முறையை ஒருபோதும் ஏற்கவில்லை. 2018-ல் ஆண்ட்ராய்டு 9 வந்தபோது அதிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

இதற்கிடையே ரூட்டர் கம்பெனிகள் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டை ஆலையிலேயே வைத்து ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பத் தொடங்கின. நல்ல யோசனை, வீட்டுக்காரர் ஒன்றும் செய்யாமலே பூட்டு இருக்கும். ஆனால் அதிலும் சிக்கனம்! தாம்சன் ஸ்பீட்டச் ரூட்டர்களில் பாஸ்வேர்டும் வலையின் பெயரும் ஒரே சீரியல் எண்ணிலிருந்து கணக்கிடப்படுவது 2008-ல் தெரியவந்தது. வலையின் பெயர் காற்றில் எல்லோருக்கும் தெரியும். அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கு போட்டால் பாஸ்வேர்ட் பட்டியல் கையில்.

ஸ்டிக்கர் பாஸ்வேர்ட் பிடிக்காதவர்கள் தாங்களே மாற்றுவார்கள். என்னவாக மாற்றுவார்கள்? விடை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். 2021-ல் இஸ்ரேலைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சியாளர் டெல் அவிவ் நகரில் 5,000 வலைகளின் தகவல்களைக் காற்றிலிருந்து சேகரித்துச் சோதித்தார். 70 சதவீதத்துக்கும் மேல் திறந்துகொண்டன. அவர் முதலில் முயன்றது செல்போன் எண்களை. அந்த ஊரிலும் மக்கள் சொந்த போன் நம்பரையே பாஸ்வேர்டாக வைக்கிறார்கள்!

இந்தியாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நம்முடைய செல்போன் எண் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9-ல் ஒன்று. மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். டபிள்யூ.பி.ஏ.2-வில் ஒரு கருவி ரூட்டரோடு சேரும்போது நடக்கும் கைகுலுக்கலை ஒரு முறை பதிவுசெய்துகொண்டு போய்விட்டால், பிறகு வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஒவ்வொரு பாஸ்வேர்டாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 10 லட்சம் ஒப்பிடக்கூடிய கிராபிக்ஸ் கார்டு இன்று கடையில் கிடைக்கிறது. 400 கோடியையும் முடிக்க ஒரு மணி ஏழு நிமிடம். இரண்டு சின்ன வார்த்தையும் நாலு எண்ணும் சேர்த்து வைத்தால்கூட இதைவிட எத்தனையோ மேல்.

சரி, தப்பென்று தெரிந்தால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டியதுதானே? அங்கேதான் வீட்டு வலையின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. அலுவலகத்தில் ஆளுக்கொரு பாஸ்வேர்ட், ஒருவர் வேலையை விட்டால் அவருடையதை மட்டும் நிறுத்தலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாவி. சித்தப்பாவுக்குக் கொடுத்தது, ஏ.சி. ரிப்பேர்காரருக்குக் கொடுத்தது, மாடியில் குடியிருந்து காலி செய்தவருக்குக் கொடுத்தது எல்லாம் அதே சாவிதான். மாற்றினால் டிவி, கேமரா, பிரிண்டர், ஐந்து போன் எல்லாவற்றிலும் மறுபடி அடிக்க வேண்டும். அதனால் யாரும் மாற்றுவதில்லை. புது ரூட்டர் வாங்குகிறவர்கள்கூட பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அதில் வைத்துவிடுகிறார்கள், எல்லாக் கருவியும் தானாகச் சேர்ந்துகொள்ளட்டும் என்று. பெட்டி நாலு முறை மாறியும் பூட்டு மாறாத வீடுகள் உண்டு. (விருந்தாளிகளுக்குத் தனி வலை வைக்கும் "கெஸ்ட்" வசதி பல ரூட்டர்களில் இருக்கிறது. பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.)

2010களில் வேறு ஒரு கூட்டம் வீட்டுக்குள் வந்தது. பல்பு, ப்ளக், காலிங் பெல். இவற்றுக்குத் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை. பாஸ்வேர்டை எப்படி அதன் காதில் போடுவது? டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் கண்டுபிடித்த வழி விசித்திரமானது. புதுக் கருவியால் வலைக்குள் ஓடும் செய்திகளைப் படிக்க முடியாது, ஆனால் ஒவ்வொரு செய்தியும் எவ்வளவு நீளம் என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். ஆகவே போன் வேண்டுமென்றே குறிப்பிட்ட நீளங்களில் செய்திகளை அனுப்பும். அந்த நீளங்களைச் சேர்த்தால் பாஸ்வேர்ட்! மூடிய கவர்களின் கனத்தை வைத்து ரகசியம் சொல்வது மாதிரி. குழந்தைகள் முன்னால் பெரியவர்கள் ஜாடையில் பேசுவார்களே, அதேதான். அந்த நேரத்தில் ஜாடை புரிந்த வேறு யாராவது பக்கத்தில் இருந்தால் அவருக்கும் தெரிந்துவிடும் என்பது தனிக் கதை.

மற்றவர்கள் வேறு வழி பிடித்தார்கள். புதுக் கருவி முதலில் தானே ஒரு சின்ன வை-ஃபை வலையை உண்டாக்கும், போன் அதில் சேர்ந்து வீட்டு பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு விலகும். 2013-ல் வந்த கூகுளின் குரோம்காஸ்ட் இப்படித்தான். முறை நல்லதுதான், ஒழுங்காகச் செய்தால். ரிங் என்ற அழைப்புமணி கேமரா இந்தக் கட்டத்தில் பாஸ்வேர்டைப் பூட்டில்லாமல் அப்படியே காற்றில் அனுப்புவதை 2019-ல் பிட்டிஃபெண்டர் நிறுவனம் வெளியிட்டது. (அதற்குள் ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.) திருடனைப் பார்க்க வாசலில் மாட்டுகிற கருவி அது.

கியூ.ஆர். கோடு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்தது. 2017-ல் ஐபோன் கேமராவும் 2019-ல் ஆண்ட்ராய்டு 10-ம் இதை நேரடியாக ஏற்றன. கடைகளில் பணம் கட்டுவதற்கு ஸ்கேன் செய்து பழகிய இந்தியக் கை, வை-ஃபைக்கும் அதையே செய்தது. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் இருப்பது அதே பழைய பாஸ்வேர்ட்தான், எழுத்துக்கு எழுத்து. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவருக்கும் அது கிடைக்கும்.

2017 அக்டோபரில் பெல்ஜியத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹோஃப், டபிள்யூ.பி.ஏ.2-வின் கைகுலுக்கலிலேயே ஓட்டை இருப்பதைக் காட்டினார். அடுத்த வருடம் டபிள்யூ.பி.ஏ.3 வந்தது. இதில் பதிவுசெய்துகொண்டு போய் வீட்டில் உட்கார்ந்து யூகிக்க முடியாது. ஒவ்வொரு யூகத்தையும் ரூட்டரிடம் நேரில் கேட்டாக வேண்டும். அந்த ஒரு மணி ஏழு நிமிடக் கணக்கு இங்கே செல்லாது. (வான்ஹோஃப் விடவில்லை. இன்னொருவரோடு சேர்ந்து 2019-ல் இதிலும் சில ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொன்னார், திருத்தினார்கள். இப்படிப்பட்டவர்கள் இருப்பது நல்லது.)

வீட்டில் அதைப் போட்டால் என்ன ஆகும்? பழைய பிரிண்டர் சேராது. மலிவு விலை ஸ்மார்ட் பல்பு சேராது. நின்டென்டோ கதையேதான், ஆட்கள்தான் வேறு. அதனால் "இரண்டும் கலந்தது" என்று ஒரு நிலை வைத்தார்கள். புதியவர்களுக்குப் புதுப் பூட்டு, பழையவர்களுக்குப் பழைய பூட்டு, கதவு மட்டும் ஒன்றே.

புதுப் பூட்டை முழுசாகக் கட்டாயம் ஆக்க முடிந்தது ஒரே ஓர் இடத்தில்தான். 2021-ல் வந்த வை-ஃபை 6இ கருவிகளுக்காகத் திறந்த 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் டபிள்யூ.பி.ஏ.2-க்கு இடமே கிடையாது. எப்படி அவ்வளவு தைரியம் வந்தது என்றால், அந்த அலைவரிசையில் பேசத் தெரிந்த பழைய கருவி உலகத்தில் ஒன்றுகூட இல்லை. கோபித்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுக்க யாரும் இல்லை. அதே ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம், கல்லாப்பெட்டிக்காரர்கள் தேடிப் போன அதே குப்பை அலைவரிசையில், பல்பும் ப்ளக்கும் பழைய பிரிண்டரும் இன்னமும் டபிள்யூ.பி.ஏ.2-வில்தான் சேர்ந்துகொண்டிருக்கின்றன, பல வீடுகளில் பத்து இலக்க பாஸ்வேர்டோடு.